எலினோர் ஆர்மிராட் அம்மையார்

தோட்டம் வைத்தோர் யாவரும் பூச்சிகளின் கொடுமையை அறிவர். விதைத்து, நீர் பாய்ச்சி, களை பறித்து, நாள்தோறும் கண்ணுங் கருத்துமாய்ப் பேணிய பயிரைப் புழுக்கள் ஓரிரவில் அரித்தொழித்திருக்கக் கண்டு மனம் வருந்தாதார் இலர். அங்ஙனம் வருந்துவோருட் பலர் இக்காலத்தே கடையில் ஒரு புட்டி மருந்து வாங்கித் தெளித்துவிட்டு அமைகின்றனர். அப்பூச்சி யாது, அது முட்டையிடும் காலம் எது, உறங்கும் இடம் எது என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாக்களையே தம் வாழ்நாளெல்லாம் வினவி, அவற்றின் விடைகளைக்கொண்டு, சவுக்காரம், சுண்ணாம்பு, புகைக்கரி, மண்ணெண்ணெய் முதலாய எளிய பொருள்களாற் பயிரைக் காக்கும் வழிகளை ஊரார்க்கு உணர்த்திய பெருமாட்டி ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே வாழ்ந்தார். எலினோர் ஆர்மிராட் என்பது அவர் பெயர். எளிய மருந்துகளை ஏழை உழவர்க்குக் கற்பித்த அவ்வம்மையாரே முதுமையில் ஒரு கொடிய நஞ்சினைத் தம் நாட்டுப் பழத்தோட்டங்களுக்குக் கொணர்ந்தவரும் ஆவர். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. ஆதலின் இரண்டையும் ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம்.

அம்மையார் 1828-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் கிளாஸ்டர்ஷயரில் உள்ள செட்பரி என்னும் இடத்தில், தம் தந்தையாரின் பண்ணை மாளிகையிலே பிறந்தார். செவர்ன், வை என்னும் இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட வளமிக்க நிலம் அது. தந்தையார் ஜார்ஜ் ஆர்மிராட் என்பவர் செஷயர் நாட்டின் சரித்திரத்தைப் பெருநூலாக எழுதிப் புகழ்பெற்றவர். தாயாரோ மருத்துவர் குலத்தில் வந்தவர். பதின்மர் மக்களுள் எலினோரே கடைக்குட்டி. ஆண்மக்கள் எழுவரும் வெளியிற் சென்று கல்வி கற்க, பெண்மக்கள் மூவரும் வீட்டிலேயே தாயாரிடம் பாடங் கேட்டனர். பள்ளிக்கூடத்தின் வாயிலை எலினோர் மாணவியாக மிதித்ததே இல்லை. இதனை ஓர் அதிசயமாகக் கூறுதல் வேண்டா. அந்நாட்டிற் செல்வர் வீட்டுப் பெண்கள் நிலை அன்று அவ்வளவே.

அவர் மிகச் சிறு குழந்தையாய் இருந்தபொழுது நிகழ்ந்த ஒன்றைப் பிற்காலத்தே அவரே எழுதிவைத்துள்ளார். நீர்ப்புழுக்கள் சில இட்ட கண்ணாடிக் கிண்ணமொன்றை அவர்முன் வைத்து, பெரியோர்கள் தத்தம் அலுவலைப் பார்க்கச் சென்றுவிட்டனர். குழந்தை அசையாது அதனையே நோக்கிக்கொண்டிருந்தது. புழுக்களுள் ஒன்று ஊறுபட, ஏனையவை அதன்மேற் பாய்ந்து தின்றுவிட்டன. இதைக் குழந்தை வீட்டாரிடம் கூறிற்று, நம்புவார் ஒருவருமில்லை. ஆயினும் கண்டது கண்டதே என்று அது தன் சொல்லில் நின்றது. ஒருவர் சொன்னதைக் கேட்டன்றித் தாமே கண்டதைக் கொண்டு பேசும் இயல்பு அவர்க்கு அன்றே அமைந்துவிட்டது எனலாம்.

1852-ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் வயதளவில், ஸ்டீவன்ஸ் என்பார் பிரிட்டிஷ் வண்டினங்களைப் பற்றி எழுதிய கைந்நூல் ஒன்றை எலினோர் வாங்கினார். அவருடைய பூச்சிநூற் பயிற்சி முறையாகத் தொடங்கியது அன்றுதான். ஆசிரியர் இல்லை, ஐயங் கேட்பதற்குத் தோழர் இல்லை. வண்டினைப் பிடித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, உறுப்புறுப்பாகப் பிரித்து, நூலிற் கூறிய பெயர்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கற்றார். இவ்வாறு கழிந்த ஆண்டுகள் பல. இடையே பண்ணை வேலையாட்களோடு பழகி, உழவு, கால்நடை, மரம் வெட்டுதல் முதலியவற்றின் நுணுக்கங்களையும் அறிந்துகொண்டார். நூலறிவு மிக்க வேறு பூச்சியியலார் பலர் அந்நாட்டில் இருந்தனர். உழவன் பேசும் மொழியில் உழவனோடு பேச வல்லவராய் அவருள் விளங்கினோர் மிகச் சிலரே. அவ்வாற்றலை அம்மையார் பெற்றது செட்பரியின் வயல்வெளிகளிலேயே.

1868-ஆம் ஆண்டில் அரச தோட்டக்கலைச் சங்கத்தார், பயிர்க்குத் தீங்கும் நன்மையும் செய்யும் பூச்சிகளை ஒருங்கு சேர்த்துப் பொதுமக்கள் காண வைக்க விரும்பி, நாட்டினரின் உதவியை வேண்டினர். பலர் அவ்வறிக்கையைப் படித்து மறந்தனர். அம்மையாரோ பண்ணையாட்களையும் அவர்தம் சிறுவர்களையும் ஏவிப் பூச்சிகளையும், முட்டைகளையும், கூடுகளையும், அவை அரித்த இலைகளையும் கிளைகளையும் திரட்டித் திரட்டி அனுப்பினார். அத்தொண்டினைப் பாராட்டிச் சங்கத்தார் 1870-ஆம் ஆண்டில் அவர்க்கு வெள்ளிப் பதக்கம் வழங்கினர். இரண்டு ஆண்டுகட்குப்பின் மாஸ்கோ நகரப் பொருட்காட்சிக்கு அவர் செய்து அனுப்பிய உருவங்களுக்கும் பதக்கங்கள் கிடைத்தன.

அவருடைய துணிவிற்குச் சான்றாக ஒன்று கூறி மேற்செல்வோம். நீரிலும் நிலத்திலும் வாழும் கொண்டைத் தேரைப்பல்லி ஒன்றின் தோலில் நஞ்சு ஊறும் என்று பலர் கூறினர். அஃது எத்தகையது என்று அறிய விரும்பிய அம்மையார், உயிருள்ள அப்பிராணியின் வாலைத் தம் பற்களுக்கிடையே வைத்து மெல்லக் கடித்துப் பார்த்தார்! வாய் மரத்தது, நுரை தள்ளியது, உடல் சிறிது நடுங்கியது, தலைநோவும் வந்தது. இவற்றை ஒன்றுவிடாமற் குறித்து 1873-ஆம் ஆண்டு லின்னியன் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். மாணவர்கள் இம்முறையைப் பின்பற்றவேண்டுமென்று யாம் இதனை எழுதினோமல்லோம்.

அதே ஆண்டில் தந்தையார் காலமாயினார். செட்பரி மாளிகை மூத்தவர் கைக்குச் செல்ல, எலினோரும் அவர்க்கு ஐந்தாண்டு மூத்த தமக்கையாராகிய ஜியார்ஜியானாவும் தமக்கெனத் தனி இல்லம் தேடினர். சில ஆண்டுகள் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரிலும், பின்னர்ப் புகழ்பெற்ற கியூ தாவரத் தோட்டத்திற்கு அணித்தாகிய ஐசல்வொர்த்திலும், 1887 முதல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரிலும் வாழ்ந்தனர். இருவரும் மணஞ் செய்துகொண்டிலர். தந்தையார் மறைந்தபோது எலினோர்க்கு வயது நாற்பத்தைந்து. பலர் இனி நமக்கு என்ன இருக்கிறது என்று ஓய்ந்து அமரும் அவ்வயதிலேதான் அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்கிற்று. தங்கையார் எழுத, தமக்கையார் சித்திரம் தீட்டுவார். ஜியார்ஜியானாவின் தூரிகையால் எழுந்த பூச்சிப் படங்கள் வகுப்பறைச் சுவர்களில் தொங்கி மாணவர் பலர்க்குக் கண்ணாய் உதவின. தங்கையின் பெயர் பரவிய அளவிற்குத் தமக்கையின் பெயர் பரவவில்லை என்பது வருந்தத்தக்கதே.

1877-ஆம் ஆண்டில் அம்மையார் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினார். அதில் அவர் அறிவித்தவற்றினும் வேண்டியவையே மிகுதி. உங்கள் ஊரில் எப்பயிரை எப்பூச்சி தாக்கிற்று, எந்நாளில் முதலிற் கண்டீர், வானிலை எவ்வாறு இருந்தது, என்ன செய்து பார்த்தீர், பயன் யாது என்றெல்லாம் வினவியிருந்தார். பண்ணையாரும், தோட்டக்காரரும், பாதிரிமாரும், பள்ளி ஆசிரியரும் விடையெழுதினர். தீப்பெட்டிகளிலும் தகரப் பெட்டிகளிலும் பூச்சிகளை வைத்து அஞ்சலிற் போக்கினர். அவ்விடைகளைத் தொகுத்து ஆராய்ந்து ஆண்டறிக்கையாக வெளியிட்டார். அன்று தொடங்கிய அறிக்கை ஆண்டுதோறும் தவறாது வந்து 1900-ஆம் ஆண்டிற்குரியதோடு இருபத்து நான்கு ஆயிற்று. இவையெல்லாம் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் செய்தவை. ஆண்டொன்றில் ஆயிரத்திற்கு மேற்பட்ட கடிதங்கட்கு விடை எழுதினார் என்பர். 1881-ஆம் ஆண்டில் அவருடைய பெருநூலாகிய தீங்குசெய் பூச்சிகளைப் பற்றிய கைந்நூல் வெளிவந்தது.

அந்நூலிலும் அறிக்கைகளிலும் அவர் காட்டிய வழிகளுள் சிலவற்றை விரித்துக் கூறுதல் வேண்டும். அவர் பெருமை அங்கேதான் இருக்கின்றது. பூச்சி தன் வாழ்நாளில் எப்பொழுதும் ஒரே வன்மையோடு இருப்பதில்லை. முட்டையாய் இலையில் ஒட்டியிருக்கும்போதும், கூட்டுப்புழுவாய் மண்ணில் உறங்கும்போதும், இறகின்றி மரமேறும்போதும் அஃது எளிதில் அகப்படும். அவ்வேளையை அறிந்தவனுக்கு விலையுயர்ந்த மருந்து வேண்டுவதில்லை. அறியாதவனுக்கு எம்மருந்தும் பயன்படுவதில்லை. அம்மையார் கூறிய மருந்துகள் பெரும்பாலும் முன்னரே தோட்டக்காரர் கையாண்டவைதாம். அவற்றுள் எது, எப்பூச்சிக்கு, எந்நாளில், எக்காரணத்தாற் பயன்படுகிறது என்பதைச் சோதித்து வரையறுத்ததே அவர் செய்த புதுமை.

டர்னிப் கிழங்குப் பயிரை எடுத்துக்கொள்வோம். ஆட்டிற்கும் மாட்டிற்கும் மாரிக்கால உணவு அந்நாட்டில் அதுவே. 1881-ஆம் ஆண்டில் அப்பயிருக்குப் பெருங்கேடு நேர்ந்தது. உழவர் டர்னிப் ஈ என்று வைதனரேனும் அஃது ஈ அன்று. தெள்ளுப்பூச்சி போல் தத்திச் செல்லும் சிறு வண்டு. முளைத்த இரண்டு வித்திலைகளையும் அது அரித்துவிடின் பயிர் மாண்டுவிடும். முரட்டிலை வந்தபின் அவ்வளவு அச்சமில்லை. ஆகவே நிலத்தை நன்கு பண்படுத்தி, எருவிட்டு, பயிர் விரைந்து வளருமாறு செய்க என்றார். அவ்வண்டு பயிர் முளைப்பதற்கு முன் கடுகினக் களைகளில் உண்டு வளர்வதைக் கண்டு, அக்களைகளை முன்னரே பறித்தொழிக்க என்றார். வண்டு வந்துவிட்டதாயின், புகைக்கரியையும் நீற்றுச் சுண்ணாம்பையும் தூளாக்கி விடியற்காலையிற் பனி இலையின்மேல் நிற்கும்போது தூவுமாறு கூறினார். நனைந்த இலையில் தூள் ஒட்டும். பனியில் நனைந்த வண்டும் தத்தி ஓடமாட்டாது. அதே தூளை வெயிலேறிய பின் தூவின் காற்றோடு போய்விடும். பொருள் ஒன்றே, வேளையே வேறு.

காரட்டுக் கிழங்கினைக் குடையும் ஈயின் செய்தியும் இத்தகையதே. நெருங்கி முளைத்த நாற்றைக் களைந்து விலக்கும்போது மண் நெகிழ்ந்து கிழங்கின் தலை வெளிப்படுகின்றது. அந்நெகிழ்ச்சியின் வழியே ஈ உள்ளிறங்கி முட்டையிடுகின்றது. இதனை அறிந்தபின் செய்யவேண்டுவது யாது? நாற்றைப் பலமுறை கிளறாது விலக்கி, உடனே நீர் ஊற்றி மண்ணை அமுக்கிவிடவேண்டும். மணலிலோ சாம்பலிலோ சிறிது மண்ணெண்ணெயைக் கலந்து வரிசைகளின் இடையே தூவினால் அதன் நாற்றத்தால் ஈ அணுகாது. வெங்காய ஈக்கும் இதுவே மருந்து. அன்றியும் வெங்காயத்தைச் சுற்றி மண்ணை அணைத்துவிடின் ஈ முட்டையிட இடமின்றித் திரும்பும் என்று கூறினார். மண்வெட்டி ஒன்றே மருந்தாவது காண்க.

ஹாப் என்னும் கொடி கெண்ட் முதலிய பகுதிகளிற் பெரும்பொருள் தரும் பயிர். அதன் இலையின் அடியிற் செடிப்பேன் மொய்த்துச் சாற்றை உறிஞ்சிவிடும். அதற்குக் குவாசியா என்னும் கசப்பு மரத்தின் சீவல்களைக் கொதிக்கவைத்து, அக்கஷாயத்தில் மென்சவுக்காரத்தைக் கரைத்துப் பீச்சாங்குழலால் தெளிப்பது வழக்கமாயிருந்தது. சவுக்கார நீர் செடிப்பேனின் மெழுகுப் பூச்சினை நீக்கி, மூச்சுத் துளைகளையும் அடைத்துக் கொல்லுகின்றது. வெறும் நீர் அதன் உடம்பின்மேல் உருண்டோடிவிடும். ஆயின் இலையின் மேற்புறத்திலன்றி அடிப்புறத்திற் படும்படி தெளித்தல் வேண்டும். பேன் இருப்பது அங்கேயே. தெளித்த நீர் உலர்ந்தபின் சவுக்காரத்திற்குக் கொல்லும் வன்மை இல்லாமையால் மீண்டும் மீண்டும் தெளிக்கவும் வேண்டும். இப்பேன் மாரிக்காலத்தைப் பிளம் இன மரங்களிற் கழித்துவிட்டு வேனிலில் ஹாப் கொடிக்கு வருவது. இவ்வுண்மை அக்காலத்து ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. அம்மையாரும் அதற்கு உழைத்தவருள் ஒருவர்.

கூஸ்பெரிச் செடியின் இலைகளைத் தின்னும் புழு, இலை தீர்ந்தபின் செடியின் கீழ் மண்ணில் இறங்கிக் கூடு கட்டி உறங்கும். மாரியில் அம்மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து ஆழக் குழியிற் புதைத்தாலே அடுத்த ஆண்டின் கேடு பெரிதும் குறையும். செலரிக் கீரையின் இலைக்குள்ளே குடைந்து வாழும் புழுவிற்கு விரல்களே மருந்து. கொப்புளம் கண்ட இடத்தை நசுக்கிவிட்டாற் போதும். கோசுச் செடியைத் தின்னும் வெண்ணிறப் பட்டாம்பூச்சியின் கூடுகளை வேலியிலும் கொட்டகைச் சுவரிலும் தேடிச் சிறுவர்களைக்கொண்டு எடுப்பிக்கலாம்.

வீட்டுமருந்து என்றவுடனே தீங்கற்றது என்று எண்ணுவது பேதைமை என்பதனையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அக்காலத் தோட்டக்காரர் கூஸ்பெரிப் புழுவிற்குத் தூவிய ஹெல்லெபோர் வேர்த்தூளும், செடிப்பேனுக்குத் தெளித்த புகையிலைக் கஷாயமும் செடியினின்று பிறந்தவையேயாயினும் மனிதனையும் கொல்ல வல்ல நஞ்சுகள். மண்ணெண்ணெய் மிகுந்தால் இலை கருகும். அம்மையார் இவற்றை அறியாதவரல்லர். பழம் பறிக்கும் காலத்திற்கு முன்னதாகவே ஹெல்லெபோரை நிறுத்தவேண்டுமென்பது போன்ற எச்சரிக்கைகள் அக்கால நூல்களில் உள்ளன.

நிற்க. அம்மையாரின் புகழ் பரவவே பதவிகளும் அவரை நாடி வந்தன. 1878-ஆம் ஆண்டில் அரச வானிலைச் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அச்சங்கத்தில் அப்பெருமை பெற்ற முதற் பெண்மணி அவரே. 1881 முதல் 1884 வரை சைரன்செஸ்டர் அரச வேளாண்மைக் கல்லூரியில் விரிவுரைகள் ஆற்றினார். இங்கிலாந்து அரச வேளாண்மைச் சங்கத்தின் பூச்சியியல் ஆலோசகராக 1882 முதல் 1892 வரை விளங்கினார். அஃது ஊதியமில்லாத பதவி. பல்கலைக்கழகங்கள் பல பெண்டிர்க்குப் பட்டம் வழங்க மறுத்த அக்காலத்தே, பள்ளியும் காணாத ஒரு பெண்மணியிடம் நாட்டுப் பெருநிலக்கிழார்கள் அறிவுரை கேட்டு நின்றனர். 1886-ஆம் ஆண்டில் ஹெஸ்ஸிய ஈ என்னும் கோதுமைப் பகைவன் ஹெர்ட்போர்டு அருகே தோன்றியபோது நாட்டில் எழுந்த கலக்கத்தைத் தணித்து, அதன் இயல்பை விளக்கினாரும் அவரே.

மாட்டின் தோலினுள் வளர்ந்து முதுகில் புடைப்புகளை உண்டாக்கும் வார்பிள் ஈயின் புழுவை ஒழிக்க அவர் செய்த முயற்சி மாணவர்க்குச் சுவை தருவதொன்று. அப்புழு துளைத்த தோல் விலைபோகாது; மாடும் மெலியும். புடைப்பினை விரலால் அழுத்திப் புழுவைப் பிதுக்கி நசுக்குவதே அவர் கூறிய எளிய வழி. செஷயரிலுள்ள பன்பரி என்னும் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் இதனைத் தம் மாணவர்க்குக் கற்பிக்க, அவ்வுழவர் சிறுவர்கள் தத்தம் வீட்டு மாடுகளிலும் அண்டை வீட்டு மாடுகளிலும் புழுக்களைப் பிதுக்கி எண்ணி வந்து கணக்குக் கொடுத்தனர். சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்தே அத்தொல்லை பெரிதும் குறைந்ததென அம்மையாரின் அறிக்கை மகிழ்ந்து கூறுகின்றது.

இனி, அந்நஞ்சின் செய்திக்கு வருவோம். இங்கிலாந்தின் ஆப்பிள், பிளம் தோட்டங்களை மாரி அந்து என்னும் பூச்சியின் புழு அழித்துவந்தது. இதன் பெண் அந்துக்குப் பறக்க இறகில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் மண்ணினின்று வெளிப்பட்டு அடிமரத்தின் வழியே ஊர்ந்தேறிக் கிளைகளில் முட்டையிடும். ஆகவே அடிமரத்தைச் சுற்றிப் பசையுள்ள கொழுப்பைப் பட்டைபோலத் தடவிவைத்தால் ஏறும் அந்து அதில் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு நேரே மரப்பட்டையிற் படின் மரம் கெடும் என்பதால் இடையே தாளொன்றைச் சுற்றவும் அவர் கற்பித்தார். மருந்து நல்லதே. ஆனால் பட்டை உலருமுன் புதுப்பிக்கவேண்டும். ஒரு மரமும் விடுபடலாகாது. அண்டைத் தோட்டத்தானும் அதனைச் செய்யவேண்டும். இல்லையேல் அங்குப் பிறந்த புழு நூலிற் றொங்கிக் காற்றில் மிதந்து இங்கு வந்துவிடும். பல்லாயிரம் மரங்களுள்ள பெருந்தோட்டங்களில் இஃது எளிதன்று. 1880-களின் இறுதியில் ஈவ்ஷாம் முதலிய பகுதிகளில் வேனில் தொடங்குமுன்பே மரங்கள் இலையின்றித் தீய்ந்தவைபோல் நின்றன. பழம் விற்று வாரம் கொடுக்கவேண்டிய குடியானவர் அம்மையார்க்கு எழுதிய கடிதங்கள் முறையீடுகளாயின.

அமெரிக்காவிலோ அப்பொழுது பாரிஸ் பச்சை என்னும் பொருளை உருளைக்கிழங்கு வண்டிற்கும் ஆப்பிள் புழுவிற்கும் பயன்படுத்திவந்தனர். இது செம்பும் பாஷாணமும் கலந்து செய்த பச்சை வர்ணப் பொடி; சுவருக்கும் தாளுக்கும் வர்ணம் பூசப் பயன்பட்டது. கனடா நாட்டுப் பூச்சியியலார் ஜேம்ஸ் பிளெட்சர் என்பவர் அதன் பயனை அம்மையார்க்கு எழுதினார். 1890-ஆம் ஆண்டளவில் ஈவ்ஷாம் பகுதித் தோட்டக்காரர் குழுவொன்று அவருடைய தூண்டுதலால் அதனைத் தெளித்துப் பார்த்தது. மிகச் சிறிய அளவில் நீரிற் கலக்கி மூடுபனிபோலத் தெளிக்க, புழுக்கள் மாண்டன, மரங்கள் தழைத்தன. பாஷாணத்தைப் பழமரத்திலே தெளிப்பதா என்று பலர் அஞ்சி எதிர்த்தனர். அம்மையார் பின்வாங்கவில்லை. பாத்திரத்தின்மேல் நஞ்சென்று எழுதி ஒட்டுக, மரத்தடியில் ஆடுமாடு மேயவிடற்க என்றெல்லாம் எச்சரித்துத் துண்டு வெளியீடுகள் அச்சிட்டார். இங்கிலாந்திற் பாரிஸ் பச்சையைப் புகுத்தியவர் என்று தம் கல்லறையிற் பொறிப்பின் அதுவே தமக்குப் போதும் என்னும் கருத்துப்பட நண்பர்க்கு எழுதியதும் உண்டு.

இச்செயலைப் பற்றி என்ன கூறுவது? மரம் அழியக் கண்டு மனம் இரங்கியே அவர் அதனைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. அன்று கிடைத்த அறிவின்படி வேண்டிய எச்சரிக்கைகளையும் செய்தார். ஆயினும் பாஷாணம் மழையிற் கரைந்து மறைந்துபோகும் பொருளன்று, மண்ணிலே தங்குவது. பாரிஸ் பச்சையைத் தொடர்ந்து ஈயமும் பாஷாணமும் சேர்ந்த வேறொரு மருந்து வந்தது. 1925-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவினின்று வந்த ஆப்பிள்களில் பாஷாணம் மிகுந்திருக்கக் கண்டு இங்கிலாந்திலேயே பெருங்கூக்குரல் எழுந்தது. அதற்கும் பின்னர் டி.டி.டி. முதலியவை வந்த கதை யாவரும் அறிந்ததே. பூச்சியின் வாழ்க்கையைக் கற்று வேளையறிந்து செயல் புரிக என்று கால் நூற்றாண்டளவு கற்பித்தவர், அக்கல்வியின்றியே எவனும் தெளிக்கக்கூடிய ஒன்றைத் தம் தலைசிறந்த தொண்டாகக் கருதினாரே என்பதுதான் எமக்கு வியப்பும் வருத்தமும் தருவது. மற்றொரு புறத்தையும் காட்டவேண்டுமன்றோ? அதே பாரிஸ் பச்சையைத் தூவியே 1930-களின் இறுதியில் பிரேசில் நாட்டில் ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவின் புழுவை ஒழித்தனர். அதனால் உயிர் பிழைத்தோர் எண்ணிறந்தவர்.

முதுமையில் அவர் மற்றொரு பூசலிலும் தலையிட்டார். வீட்டுக் குருவி தானியத்தைத் தின்பதோடு, பூச்சிகளைப் பிடித்துண்ணும் தகைவிலான் குருவிகளைக் கூட்டினின்று துரத்தியும் விடுகின்றது என்று கூறி, அதன் தொகையைக் குறைக்கவேண்டுமென 1890-களில் இலவச வெளியீடுகளைப் பரப்பினார். ஜீவகாருண்யமுடையோர் சினந்து எழுதினர், அம்மையாரும் விட்டுக்கொடுக்கவில்லை. குருவியின் இரைப்பையை அறுத்துப் பார்த்த கணக்குகளையே எதிர்ப்போர்க்கு விடையாகக் காட்டினார்.

1896-ஆம் ஆண்டில் ஜியார்ஜியானா காலமாயினார். ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்து இருபது ஆண்டுகட்குமேல் உழைத்த துணை நீங்கவே, எலினோரின் உடல்நலமும் தளர்ந்தது. ஆயினும் ஆண்டறிக்கை நிற்கவில்லை. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எடின்பரோப் பல்கலைக்கழகம் அவர்க்குச் சட்டப் பேரறிஞர் என்னும் கௌரவப் பட்டத்தை அளித்தது. அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. எழுபத்திரண்டு வயதை எட்டும் நிலையில், நோயோடு நெடும் பயணஞ் செய்து அவைக்குச் சென்று பட்டத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள் செயின்ட் ஆல்பன்ஸில் உயிர் நீத்தார்.

பாரிஸ் பச்சையை இன்று எத்தோட்டக்காரனும் கண்டறியான். அதன் பெயர் நச்சுப் பொருள்களின் பட்டியலில் மட்டுமே உள்ளது. சவுக்கார நீரோ இன்றும் செடிப்பேனுக்குத் தெளிக்கப்படுகின்றது. அக்டோபர் மாதத்தே இங்கிலாந்தின் ஆப்பிள் மரங்களிற் பசைப்பட்டை கட்டுவோரும் இன்றும் உளர். அம்மையார் எழுதத் தொடங்கிய சுயசரிதையை, அவர் எழுதிய கடிதங்கள் பலவற்றோடு சேர்த்து, எடின்பரோவின் வேளாண்மைப் பேராசிரியர் ராபர்ட் வாலஸ் 1904-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பூச்சிகளின்பால் விருப்பமுள்ள மாணவர் அந்நூலைத் தேடிப் படிப்பாராக.